இரட்டைக்கோட்டு நோட்டும் ஐந்து நட்சத்திரமும்

முதலில் மாறியது என் மகள் அனிதாவின் கையெழுத்து. பிளஸ் டூ தொடங்கிய முதல் வாரம், அவளது நோட்டைத் தற்செயலாகப் புரட்டினேன். எழுத்துகள் எறும்புபோலச் சிறுத்து, கோட்டைவிட்டு இறங்கியிருந்தன.

நான் மயிலாப்பூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இருபது வருடமாகப் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்துகிறவள். எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். இரட்டைக் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்து, தினம் ஒரு பக்கம் தேதி போட்டு எழுதச் சொன்னேன். சரியில்லையென்றால் இன்னொரு பக்கம்.

"கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது மம்மி," என்றாள்.

"வாய் மட்டும் நல்லா கேக்குது," என்றேன். அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

டம்ளர் இரண்டு முறை அவள் கையிலிருந்து நழுவி விழுந்த பிறகுதான் பயம் வந்தது. மூன்று மாலைகள் ஃபோனும் கையுமாக உட்கார்ந்து மருத்துவர்களைப் பற்றிய மதிப்பீடுகளைப் படித்தேன். தி.நகரில் ஒருவருக்கு ஐந்துக்கு நான்கு புள்ளி ஒன்பது. சொன்ன நேரத்துக்கு உள்ளே அழைத்தார்கள். பரீட்சைப் பதற்றம் என்று சொல்லி, சத்து மாத்திரையும் மனத்தைச் சாந்தப்படுத்தும் மாத்திரையும் எழுதினார். அனிதா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். வரவேற்பில் இருந்த பெண் ஒரு அட்டையை நீட்டி, "ஸ்கேன் பண்ணி ஸ்டார் போட்டுட்டுப் போங்க மேடம்," என்றாள். ஐந்து போட்டேன். "பொறுமையாகக் கேட்டார், மகளுக்குத் தைரியம் வந்தது" என்றும் எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மாத்திரையை இன்னும் வாங்கக்கூட இல்லை, அவ்வளவுதான்.

மூன்று மாதம் போனது. காலாண்டு விடுமுறையில் அவள் பேச்சு குழறத் தொடங்கியது. காய்ச்சலுக்குப் பார்க்கும் எங்கள் தெருமுனை டாக்டர், அடையாறில் ஒரு நரம்பியல் மருத்துவரின் (மூளை, நரம்பு நோய்களைப் பார்ப்பவர்) பெயரைச் சீட்டில் எழுதித் தந்தார். நான் அவரையும் ஃபோனில் தேடினேன். மூன்று புள்ளி ஒன்று. 'இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம்.' 'சிரிக்கவே மாட்டார்.' 'எழுது, நட, கையை நீட்டு என்று பள்ளிக்கூடம் நடத்துகிறார்.' சீட்டைக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். இரண்டு வாரம் அது அங்கேயே கிடந்தது. சாப்பிடும்போது அனிதாவுக்குப் புரையேறி மூச்சு திணறிய அன்று என் கணவர் சகாயம், "நட்சத்திரத்த நீயே வெச்சுக்கோ. நான் பிள்ளைய கூட்டிட்டுப் போறேன்," என்று கிளம்பினார். பின்னாலேயே ஓடினேன்.

காத்திருந்தோம். பக்கத்தில் இருந்த அம்மாள் என் ஃபோனை எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, இங்க வந்தும் ஸ்டார் எண்ணிக்கினு கீற?"

"ரெண்டு மணி நேரமாச்சுங்க."

"உள்ள போனவங்கள லேசுல வுடமாட்டாரு. அதான் லேட்டு. உன் பொண்ணு உள்ள போனா நானு குந்திக்கினு திட்டுவேன், கண்டுக்காத."

அனிதா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் குழறலான சிரிப்பை அதுவரை நான் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

உள்ளே அவர் அனிதாவை எழுதச் சொன்னார். கையை நீட்டச் சொன்னார். பக்கவாட்டில் டார்ச் அடித்துக் கண்ணை வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "எழுத்து எப்போலேர்ந்து மாறிச்சு? பழைய நோட்டு ஏதாவது இருக்கா?" என்றார்.

"தேதியோட இருக்கு டாக்டர்," என்று அனிதாவே பையிலிருந்து எடுத்தாள். "மம்மி குடுத்த தண்டனை. ஒழுங்கா இல்லன்னா டபுள்."

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். 'இ' எழுத்தின் சுழி முதல் வாரம் திறந்திருந்தது. பிறகு ஒடுங்கி, கடைசிப் பக்கங்களில் வெறும் புள்ளியாகியிருந்தது. ஓரத்தில் என் சிவப்பு மையில், 'கவனமின்மை.' பக்கத்துக்குப் பக்கம் நோய் நடந்து வந்த வழியை அவர் படித்தார். அதே பக்கங்களைத் தினமும் திருத்தியவள் நான்.

"திட்டினதுகூட உதவுது," என்றார். சிரிக்கவில்லை.

ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் அவர் சந்தேகத்தை உறுதி செய்தன. வில்சன் நோய் (உணவில் வரும் தாமிரத்தை வெளியேற்ற முடியாமல், அது கல்லீரலிலும் மூளையிலும் சேரும் பரம்பரை நோய்). கண் மருத்துவர் அவள் கருவிழியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். விளிம்பைச் சுற்றிப் பழுப்பும் பொன்னுமாக ஒரு வளையம். பதினேழு வருடம் நான் முத்தமிட்ட முகத்தில், கண்ணுக்கெதிரே, ஓசையில்லாமல் உலோகம் படிந்திருக்கிறது. பயத்தைவிடப் பிரமிப்புதான் முதலில் வந்தது. என்னிடமிருந்து ஒரு மரபணுப் பிழை, சகாயத்திடமிருந்து ஒரு பிழை. இரண்டும் சேர்ந்தால் இப்படி ஒளிருமா?

தாமிரத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை தொடங்கியது. ஆயுள் முழுக்கச் சிகிச்சை எடுக்க வேண்டும். "முதல்ல கொஞ்சம் மோசமாகலாம். நிறுத்திடாதீங்க, எனக்கு ஃபோன் பண்ணுங்க," என்று அடையாறு மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். மோசமானது. ஸ்பூன்கூடப் பிடிக்க முடியவில்லை. ஃபோன் செய்தேன், வரச் சொல்லிப் பார்த்து, அளவை மாற்றினார். அந்த மாதம் யாராவது அட்டையை நீட்டியிருந்தால் அவருக்கு ஒரு நட்சத்திரம்தான் கொடுத்திருப்பேன். அதுவும் பொய்யாக இருந்திருக்காது.

இதே நிலையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதிப்பீடுகளைப் படியுங்கள், ஆனால் எழுதியவர் சிகிச்சையின் எந்த நாளில் நின்று எழுதினார் என்று கேளுங்கள். காத்திருப்பு, சிரிப்பு, குளிர்சாதனம் எல்லாம் அன்றே தெரிந்துவிடும். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தாரா என்பது அன்று தெரியாது. அடையாறு மருத்துவரைக் குறை சொன்ன வரிகளை மீண்டும் படித்தேன். எழுது, நட, கையை நீட்டு. அனிதாவைக் காப்பாற்றியது அதுதான்.

தி.நகருக்கு நான் போட்ட ஐந்தை நீக்கிவிட்டேன். அடையாறு மருத்துவருக்கு இன்னும் எதுவும் எழுதவில்லை. எந்த நாளில் நின்று எழுதுவது?

ஒரு வருடம் ஆகிறது. டம்ளரை எடுத்து வரும் யார் கையையும் இப்போது பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அனிதா மாதம் ஒரு பக்கம் எழுதுகிறாள், டாக்டருக்காக. சிவப்புப் பேனாவை நான் தொடுவதில்லை. கண்ணின் வளையம் மெலிய வருடங்கள் ஆகுமாம். காலையில் ஜன்னலோரம் அவள் முகத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். "இன்னும் இருக்கா மம்மி?" என்கிறாள். இருக்கிறது.

இந்த மாதப் பக்கத்தில், 'இ'யின் சுழிக்குள் ஒரு கடுகளவு வெள்ளை தெரிகிறது.