விரிசல்களை எழுதிவைத்த நோட்டு

தேர்வுக்குழுத் தலைவர் அந்த நோட்டைப் புரட்டிய வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தன் தொழிலுக்கு எங்கள் மையத்தின் ஆதரவு கேட்டு வந்த அக்கா மேசைக்கு எதிரே நின்றிருந்தார். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

உறவில் அக்கா இல்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் கணவரோடு ஒரு கொட்டகை எடுத்து, தண்ணீர் ஃபில்டருக்குள் வைக்கும் பீங்கான் கேண்டிலைக் களிமண்ணும் உமியும் கலந்து செய்து பார்த்துக்கொண்டிருந்தவர். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு வழிகாட்டும் அந்த மையத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. புதுமை முயற்சிகளை நிர்வகிப்பதற்கான சர்வதேசத் தர விதிகளை அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். அவையோ பெரிய கம்பெனிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை; கொள்கை அறிக்கை, குழு, பொறுப்பாளர், தணிக்கை என்று நீளும். இரண்டே பேர் வேலை செய்யும் கொட்டகையில் யார் யாரைத் தணிக்கை செய்வது? எல்லாவற்றையும் வெட்டி ஒரே நோட்டாகச் சுருக்கினேன். என்ன செய்தோம், எது கெட்டது, அதில் என்ன தெரிந்துகொண்டோம் என்று எழுதினால் போதும்.

"வெடிச்சதையெல்லாம் எழுதி வச்சா நம்மள நாமளே காட்டிக் குடுத்தாப்ல ஆவாதா தம்பி?" என்று கேட்டார் அக்கா. மறைக்காமல் எழுதுவதுதான் இந்த முறைக்கு உயிர் என்று அடித்துச் சொன்னேன். நம்பினார். ஒவ்வொரு சூளை சுட்டெடுத்ததும் எழுதினார். உமியைச் சலிக்காமல் போட்ட நாட்களில் மட்டுமே விரிசல் விழுந்திருப்பது அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவருக்குப் பிடிபட்டது. கடைசி மூன்று சூளைகளில் ஒரு கேண்டிலில்கூட விரிசல் விழவில்லை.

தலைவர் அந்தப் பக்கங்கள் வரை போகவில்லை. "இத்தன தடவ உடைஞ்சிருக்குதே, இத நம்பி எப்படிம்மா ஆதரவு குடுக்கறது?" என்று மூடிவைத்தார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். என் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அந்தத் தலைவர்தான். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும், "நீங்கதான் எழுதச் சொன்னீங்கன்னு உள்ள ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். சில மாதங்களில் கொட்டகை வேறு கைக்கு மாறியது.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். போன மாதம் பயிற்சி கொடுக்க ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே கூலிக்கு அச்சில் மண் அழுத்திக்கொண்டிருந்தார் அக்கா. வேலை செய்பவர்களே தவறுகளைக் குறித்துவைத்தால் நல்லது என்று வழக்கம்போல நான் சொல்லி முடித்ததும், முதலாளி ஒரு புது நோட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

அக்கா கையிலிருந்த மண்ணைத் துடைக்கவில்லை. முதலாளியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு எழுத வராதுங்க சார்."