அணி லண்டனை விட்டுப் போகாது

தொண்ணூறுகளில் நானும் அண்ணனும் லண்டன் கிங்ஸ்பரியில் ஓர் அறையில் இருந்தோம். அண்ணன் ஒரு ஐஸ் ஹொக்கி அரங்கில் துப்புரவு வேலை செய்தார். அங்கு விளையாடிய அணியை அதன் முதலாளி வடக்கே ஒரு நகரத்துக்கு மாற்றப்போவதாகக் கதை அடிபட்டது.

“லண்டனை விட்டு ஆர் போவான்? இன்னும் ரெண்டு டீம் வரும், பெரிய அரங்கு கட்டுவினம். எனக்கு வேலை நிரந்தரமாகும், நீயும் வந்திடலாம்,” என்று அண்ணன், லண்டன் வரக் கொழும்பு லொட்ஜில் காத்திருந்த அண்ணியிடம் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கோடையில் அணி போய்விட்டது. அரங்கையும் பூட்டிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அண்ணியிடம், “டீம் போட்டுது,” என்று மட்டும் சொன்ன அண்ணன், ரிசீவரை என் கையில் தந்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்.

“தம்பி, அப்ப நான் எப்ப வாறது?” என்று அண்ணி கேட்டார்.

“லைன் சரியில்லை அண்ணி,” என்றேன். லைன் தெளிவாகத்தான் இருந்தது.