ஸ்பேனர் பையோடு பார்த்த இரண்டு பள்ளிக்கூடங்கள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க இரண்டு அரசுப் பள்ளிகள் இருந்தன. வாய்க்கால் பாலத்தில் நின்று கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் ஒன்று, மேற்கே ஏறினால் இன்னொன்று. என் மகள் பத்தாவது படித்த வருஷம், எது நல்லது என்று பார்த்துவரும் வேலை என் தலையில் விழுந்தது.

அவளுக்கு சயின்ஸ் குரூப் எடுத்து நர்ஸ் ஆக வேண்டும். அப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார்கள், எல்லோரும் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்கள். துபாயிலிருந்து போன் செய்யும் என் மைத்துனர், அங்கே ஆஸ்பத்திரியில் நம்மூர்ப் பெண்கள் நர்சாக இருக்கிறார்கள் என்று ஒரு தடவை சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மோட்டார் ரிப்பேர் என் தொழில். கரண்டைத் தொட எனக்குப் பயமில்லை. வாத்தியார்கள் முன்னால் நிற்கத்தான் பயம். நாலு நாள் தட்டிக்கழித்தேன்.

“கேட்டா கடிச்சா வச்சிருவாங்க? போயிட்டு வாங்க,” என்றாள் மனைவி.

தை அறுப்பு நேரம், மோட்டார் வேலை குறைவு. ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பை கையில் இருந்தால் எந்த இடத்துக்குள் போனாலும் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. இது என் அனுபவம்.

கிழக்குப் பள்ளியிலும் யாரும் கேட்கவில்லை. சுவருக்கெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். லேப் என்று எழுதியிருந்த அறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணாடிக் குடுவைகள் பூஜைப் பாத்திரம் மாதிரி வரிசையாக நின்றன. மேஜையில் ஒரு கறை இல்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் மேற்குப் பள்ளிக்குப் போனேன். கேட்டைத் தாண்டுவதற்குள் ஒரு டீச்சர் வேகமாக வந்தார்கள்.

“மோட்டாருக்குத்தானே வந்தீங்க? காலையிலேர்ந்து தண்ணி இல்லைங்க. பிள்ளைங்க கை கழுவக்கூட முடியல.”

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். கெப்பாசிட்டர் போயிருந்தது. என் பையில் ஒன்று கிடந்தது, அதை மாட்டினேன். எல்லாக் குழாயிலும் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க லேப்புக்குள் கூட்டிப்போனார்கள். அழுகிய முட்டை நாற்றம். மேஜையெல்லாம் கறுப்பும் மஞ்சளுமாகக் கறை. தொட்டியில் கழுவாத கண்ணாடிக் குழாய்கள் குவிந்து கிடந்தன. தண்ணீர் வந்ததும் பெண்பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு கழுவ ஓடினார்கள். டீச்சர் எனக்கு டீ வாங்க ஆள் அனுப்பினார்கள். அது வருவதற்குள் சைக்கிள் திருடியவன் மாதிரி நழுவி வந்துவிட்டேன். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன்: கிழக்குப் பள்ளிதான். மேற்கே லேப் குப்பைமேடாகக் கிடக்கிறது. மனைவி சரி என்றாள். மகள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

“கிழக்க லேப்புல பிள்ளைங்க இருந்தாங்களாப்பா?”

“பூட்டியிருந்திச்சும்மா. சுத்தமா இருந்திச்சு.”

“உங்க பையில இருக்கிற ஸ்பேனரு அப்படியா இருக்கும்?”

என் பையைப் பார்த்தேன். பிடி தேய்ந்து கிரீஸ் அப்பிய ஸ்பேனர்கள். பளபளவென்று ஸ்பேனர் கொண்டுவரும் மெக்கானிக்கை நானே நம்பமாட்டேன். ஒரு தவறான பள்ளியில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க இருந்தேன். பிறகு விசாரித்ததில், கிழக்கே கெமிஸ்ட்ரிக்கு வாத்தியாரே இல்லாமல் ரொம்ப நாளாகிறது என்று தெரிந்தது.

ரிசல்ட் வந்ததும் அவளை மேற்கே கூட்டிப்போனேன். பை இல்லாமல் போனதால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அட்மிஷன் மேஜையில் அதே டீச்சர் உட்கார்ந்திருந்தார்கள்.

“டீ குடிக்காம ஓடினவர்தானே நீங்க? மோட்டார் நல்லா ஓடுது. இப்ப யாரு வரச்சொன்னா?”

மகள் என்னைப் பார்த்தாள். பேச வாயெடுத்தவள், எனக்காக நிறுத்திக்கொண்டாள்.

“மோட்டாருக்கு இல்லைங்க டீச்சர்,” என்றேன். “பொண்ணுக்கு. சயின்ஸ் குரூப்பு வேணும். அன்னிக்கே அதுக்குத்தான் வந்தேன்.”

டீச்சர் சிரித்துக்கொண்டே மார்க் ஷீட்டுக்குக் கை நீட்டினார்கள். எனக்கு அன்று மூச்சு சரியாக வந்தது பஸ்ஸில் ஏறிய பிறகுதான்.

ஆடி மாசம் ஒரு சாயங்காலம் அவள் வந்தபோது புதுத் தாவணியில் மிளகு அளவுக்கு ஓட்டை. ஆசிட் தெறித்துவிட்டதாம். கையில படலியே என்று பதறிவிட்டு, தாவணிக்காக மனைவி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். நான் அந்த ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல பள்ளிக்கூடம்தான்.