ஊற்றை மூடிவிட்டு ஒரு சொற்பொழிவு

கல்யாணமாகி நான் வைகையின் வடகரைக்கு வந்தபோது எங்கள் தெருவுக்குக் குழாய் கிடையாது. கோடையில் ஆறு வற்றினால் மணலில் ஊற்றுத் தோண்டுவோம். கசிகிற நீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. தென்கரை வாசகசாலைக்காரர்கள் ஞாயிறு சாயங்காலங்களில் ஆற்று மணலில் கூட்டம் போட்டார்கள். வைகை, வாய்க்கால், கண்மாய் இவற்றின் பழைய வரலாற்றைப் பொதுஜனங்களுக்கு எடுத்துச் சொல்கிறார்களாம். முன்னின்று நடத்தியவர் ஒரு வக்கீல். முதலில் தள்ளித்தான் நடந்தது, நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

அந்த ஞாயிறு நானும் மதினியும், அதாவது என் கணவரின் அண்ணன் மனைவியும், குடத்தோடு இறங்கினோம். எங்கள் ஊற்றுகள் இருந்த இடத்தில் நாற்காலிகள் கிடந்தன. காலையில் தோண்டித் தெளியவிட்டிருந்த அத்தனையையும் மூடி, மிதித்துச் சமன் செய்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நின்ற வக்கீல், இந்த ஊர் ஜனங்கள் அந்தக் காலத்தில் ஊற்று நீர் குடித்து வாழ்ந்த கதையைக் குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மதினி நேரே மேசைக்குப் போய்விட்டாள்.

"எங்க ஊத்து எங்கய்யா?"

"யாரும்மா நீ? கூட்டம் நடக்கிறது தெரியலையா?"

"தெரியுது. எங்க ஊத்து மேலதான் நடக்குது. யாரைக் கேட்டு மூடுனீக?"

"ஜனங்கள் கால் தவறி விழுந்துவிடக் கூடாது என்று மூடச் சொன்னேன். முடிந்ததும் தோண்டிக்கொள்."

"தோண்டி, தெளிய எம்புட்டு நேரமாகும் தெரியுமா? வீட்ல காய்ச்சல்ல கிடக்குற புள்ளைக்குக் குடிக்கத் தண்ணியில்ல."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "இவளை அந்தப் பக்கம் கொண்டு போங்கப்பா" என்றார் வக்கீல், ஈயை ஓட்டுவது போலக் கையை வீசி.

மதினி அவர் காலடியிலேயே குந்தி மணலைப் பறிக்க ஆரம்பித்தாள். நானும் குடத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பறித்தேன். ஒரு தொண்டன் வந்து மதினியின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். நான் என் மண்குடத்தைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். குடம் உடைந்தது. அவன் கையை விட்டான். அதற்குள் மேசையின் ஒரு கால் குழிக்குள் இறங்க, தண்ணீர்க் கூஜா சரிந்து வக்கீலின் வேட்டியில் கொட்டியது.

"உங்களையெல்லாம் போலீஸில் சொல்கிறேன்" என்று கத்தினார்.

"சொல்லு போ. போலீஸுக்கும் ஊத்தைக் காட்டுறேன்" என்றாள் மதினி.

அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவரும் எங்கள் பக்கம் பேசவில்லை. நாற்காலியை நகர்த்தக்கூட ஆளில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு போலீஸ்காரரோடு வந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் உச்சிவெயிலிலிருந்தே ஊற்றுக்கு ஒருத்தியாய் உட்கார்ந்திருந்தோம். குனிந்து பார்த்த போலீஸ்காரர், "தண்ணி எடுக்கிறவங்களை நான் என்னங்க செய்ய?" என்று நின்றுவிட்டார். வக்கீல் எங்களைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு நாற்காலிகளை ஏற்றச் சொன்னார். பிறகு கூட்டம் வாசகசாலைக்குள்ளேயே நடந்தது. பெண்களுக்கு அனுமதியில்லை என்று வாசலில் எழுதி ஒட்டினார்களாம்.

மதினிக்கு அந்த மணிக்கட்டு வீங்கி, நெடுநாள் குடம் பிடிக்க வரவில்லை. அவள் பங்குத் தண்ணீரையும் நானே சுமந்தேன். சுமக்கும்போதெல்லாம் அந்த வக்கீலை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கரையேறுவேன்.