கடல் பக்கம் ஓடியிருக்க வேண்டும்

"நீ இன்னாத்துக்கு ரோட்டாண்ட ஓடின?" என்று தேசம்மா அக்கா கேட்டு ஒரு வருடம் ஆகப் போகிறது.

எண்ணூரில் எங்கள் தெருவில் காலையில் கதவைத் திறப்பவர்கள் முதலில் ஆலையின் புகைபோக்கியைத்தான் பார்ப்பார்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்த பிறகே துணி காயப் போடுவார்கள், பிள்ளைகளை வெளியே விடுவார்கள். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டு தேசம்மா அக்கா மீன் கூடையைத் தலையில் ஏற்றியபடி, "இன்னிக்கு காத்து எப்டி கீது?" என்று கேட்டார். "நல்லா ஜிலுஜிலுன்னு இருக்குக்கா" என்றேன். "எந்தப் பக்கமா வருதுன்னு கேட்டா, ஏசி ரூம்ல குந்தினு கீற மாரி சொல்லுது பாரு இந்தப் பொண்ணு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றே கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

காற்றைப் பார்க்கத் தெரியாதவள் இல்லை நான். திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊர். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. பிளஸ் டூ படிக்கும்போதும் விடுமுறையில் அம்மாவோடு அடுத்தவர் களத்தில் நெல் தூற்றினேன். முறத்தைத் தூக்குவதற்கு முன் ஒரு பிடி தூசியை விட்டுப் பார்த்துத்தான் நிற்போம். பிறகு அறுவடை இயந்திரம் வந்தது, அந்த வேலை போயிற்று. அதற்கும் பிறகு வயலையே பிளாட் போட்டார்கள். வரப்போரம் இருந்த எங்கள் குடிசை வாசலிலும் கல் நட்டு, இரண்டு நாளில் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா இப்போது அண்ணனின் ஒற்றை அறையில் இருக்கிறார். என் கணவர் இங்கே கன்டெய்னர் யார்டில் தினக்கூலி. இரண்டு நாள் போகாவிட்டால் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். நான் இறால் உரிக்கப் போகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை. கணவர் வேலைக்குப் போய்விட்டார். நான்கு வயது மகள் யாழினிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். மூக்கில் ஊசி குத்துவது போல ஒரு நெடி. கண் எரிந்தது. ஆலைச் சங்கு எதுவும் ஊதவில்லை, யாரும் வந்து சொல்லவும் இல்லை. ஆனால் தெரு ஓடிக்கொண்டிருந்தது, எல்லோரும் கடலை நோக்கி. "ஏய் யாழினிம்மா! கடலாண்ட வா! கொயந்த மூஞ்சில ஈரத்துணிய போடு!" என்று தேசம்மா அக்கா கத்தினார். கேட்டது. நன்றாகவே கேட்டது. கடலில் போய் என்ன செய்வது, பேருந்து ரோட்டில்தானே வரும், மருத்துவமனை அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்று நினைத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினேன். நெடி எங்கள் கூடவே வந்தது. இன்னும் வேகமாக ஓடினேன். பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் யாழினிக்கு மூச்சு விசில் போல இழுக்க ஆரம்பித்துவிட்டது.

ஆலை எங்களுக்கு வடக்கே, கடல் கிழக்கே, ரோடு தென்மேற்கே. அன்று வடகிழக்குக் காற்று, ஆலையில் கசிந்த வாயுவை ரோட்டுப் பக்கம் தள்ளியிருக்கிறது. கரைக்கு ஓடியவர்கள் அலைத்தடுப்புக் கற்கள் மேல் உட்கார்ந்து கண்ணைக் கழுவிக்கொண்டு மதியம் வீடு திரும்பினார்கள். தூற்றும்போது பதர் எந்தப் பக்கம் போகுமோ, அந்தப் பக்கமே நான் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். மருத்துவமனையில் அவளுக்கு மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள்.

"மறுபடி ஒரு தடவை இப்படி ஆனா தாங்க மாட்டா. ஏரியாவ மாத்துங்க" என்றார் டாக்டர். எங்கே மாற்றுவது? தள்ளிப் போனால் வாடகை எங்கள் கைக்கு எட்டாது. அம்மாவுக்குப் போன் செய்தேன். "வாடி, காத்து நல்லாத்தான் இருக்கு. அதத்தான் திங்கணும்" என்றார். கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. கணவர், "நீ புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போ. நான் இங்க இருந்துக்கறேன்" என்கிறார். அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. அண்ணனின் அந்த ஒற்றை அறையில் ஏற்கெனவே ஐந்து பேர். யாழினி மூச்சுக்கு இழுக்கும் பம்ப் மருந்து வாங்க அங்கிருந்து பஸ்ஸில் டவுனுக்குப் போக வேண்டும். தேசம்மா அக்காவிடம் சொன்னபோது வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "போறதுன்னா போ. இங்கன்னா நான் கூப்புடுவேன். அங்க யாரு கூப்புடுவா?" என்றார். பிறகு, "இந்த தபா கூப்ட்டா வந்துடணும், இன்னா?" என்றார்.

காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க, ஒரு கம்பில் யாழினியின் பழைய ரிப்பனைக் கட்டிக் கூரையில் செருகி வைத்திருக்கிறேன். கடலுக்கு ஓடி, ஈரத்துணியோடு கல்லில் உட்காருவதை விளையாட்டு போல அவளுக்குப் பழக்குகிறேன். பாதி வழியில் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. அப்போது, நான் பழக்குவது சரியா என்றும் தெரிவதில்லை.

இப்போது புரட்டாசி. இன்னும் சில வாரங்களில் காற்று மறுபடி வடகிழக்கிலிருந்து வீச ஆரம்பிக்கும். அன்றைக்கு ரிப்பன் தென்மேற்கே நீண்டு நிற்கும். எங்கள் ஊர் அந்தத் திசையில்தான் இருக்கிறது. நான் ஓடிய ரோடும் அந்தத் திசைதான்.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களே, என்னைப் போல இங்கே வந்து பிள்ளை வளர்ப்பவர்களே, அதற்குள் நான் முடிவெடுக்க வேண்டும். யாழினியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகட்டுமா, இல்லை அக்கா கூப்பிட்டால் காதில் விழும் தூரத்திலேயே இருக்கட்டுமா? போன தடவை நானாக யோசித்துத் தப்பான பக்கம் ஓடினேன். இந்தத் தடவை நீங்கள் சொல்லுங்கள்.