ஏர்ல் படத்துக்குப் பக்கத்து ஆணி

இங்கே படத்துக்குப் பூ வைக்கும் வழக்கம் இல்லை. சுவரில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று பார்த்ததும் தெரியாது. எட்டு வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை.

நான் இருப்பது நெவாடாவில் ஒரு சின்ன ஊர். பம்மலில் நாலு தெருவைச் சேர்த்தால் இதைவிடக் கூட்டம் இருக்கும். மனைவி ஸ்டெல்லாவுக்கு இங்கே நர்ஸ் வேலை. அவளோடு வந்தேன். பழைய ரயில் நிலையத்தை மியூசியமாக ஆக்கியிருக்கிறார்கள். அதைக் கூட்டித் துடைப்பது என் வேலை. உள்ளே ஒரு சுவர் முழுக்க ஊரின் பெரிய மனிதர்கள். பத்தொன்பது படம். மலையில் முதலில் வெள்ளி கண்டவர். ரயில் பாதை போட வந்து, சலவைக் கடை வைத்துத் தங்கிவிட்ட சீனாக்காரர். வெள்ளி தீர்ந்து பாதி ஊர் காலியான பிறகும், ஆறு பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்திருந்த டீச்சரம்மா. கடைசியில் முரட்டுக் குதிரை மேல் தொப்பி போட்ட ஒருவர், பெயர் ஏர்ல். மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்கரெட் மேடம் சொல்லித்தான் இவ்வளவும் தெரியும். எனக்குப் படிப்பு குறைவு.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். ஊரில் இருந்தால் அன்றைக்குப் பல்லாவரம் கல்லறைக்குப் போவோம். அப்பா பம்மலில் தோல் கம்பெனியில் வேலை செய்தவர். எவ்வளவு கழுவினாலும் அவர் கையில் சுண்ணாம்பும் தோலும் கலந்த வாடை போகாது. அவர் கல்லறைக்கு வெள்ளை அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி வைப்போம். யார் கல்லறைக்கு ஆள் வரவில்லை என்று அம்மா சுற்றிப் பார்ப்பாள். மிச்சப் பூவை அங்கே போடச் சொல்வாள். வீட்டுக்கு வந்து அப்பா படத்துக்கு ஒரு சரம்.

போன வருஷம் அந்த நாளில் எனக்கு வேலை. கடையில் தொட்டியோடு சாமந்தி விற்றார்கள். வாங்கி, நூலில் கட்டி, பத்தொன்பது படத்துக்கும் போட்டேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த செத்தவர்கள் அவர்கள்தான்.

மதியம் ஒரு கிழவர் கைத்தடி ஊன்றி வந்தார். கடைசிப் படத்துக்கு எதிரே நின்றார். அதே தொப்பி. அப்போதுதான் படத்துக்குக் கீழே பார்த்தேன். மற்றவர்களுக்குப் பிறந்த வருஷம், செத்த வருஷம் இரண்டும் போட்டிருந்தது. ஏர்லுக்குப் பிறந்த வருஷம் மட்டும்தான்.

"அழகா இருக்கு. எதுக்கு இது?" என்றார்.

பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வராது. "செத்தவங்களுக்கு, சார்" என்றேன்.

மார்கரெட் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். ஏர்ல் கொஞ்ச நேரம் தன் படத்தையே பார்த்தார். "எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே" என்றார்.

பூவைக் கழற்றப் போனேன். தடியை நீட்டித் தடுத்தார். "இருக்கட்டும். நிஜமா போற அன்னைக்கு யார் போடப் போறாங்க?" மேடம் பக்கம் திரும்பினார். "எம் பக்கத்துல இடம் இருக்குல்ல, இவர் படத்தையும் மாட்டு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஆணி அடித்துவிட்டார்கள். படம் கொண்டு வா என்றார் மேடம்.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"இன்னாடா பேசற? உசுரோட கீறவன் போட்டோவ தனியா செவுத்துல மாட்டுவாங்களா?"

"இங்க மாட்டுவாங்கம்மா. அது மரியாதை."

"மாட்டிட்டா நீ அந்த ஊர்க்காரன் ஆயிடுவ. அப்பால இங்க வரமாட்ட."

"நம்ம வூட்லயும் அப்பா பக்கத்துல ஒரு ஆணி சும்மாதானே கீது" என்றேன்.

"அது எனுக்குடா. நாந்தான் அடிக்கச் சொன்னேன். நீ வந்து பூ போடணும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

வருஷம் ஆகப் போகிறது. நான் படம் கொடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேடமும் கேட்பதை விட்டுவிட்டார். காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டுகிறேன். பத்தொன்பது முகத்தையும் துடைக்கிறேன். சாயங்காலம் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறேன்.