கனகலட்சுமியின் வாசல் சோதனை

மகள் தர்ஷிகா பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து, திருநகர் கனகலட்சுமி வீட்டில் ஞாயிறுதோறும் மாதிரி நீட் தேர்வு நடக்கும். தேர்வுக்கூடத்தில் உலோகம் ஆகாது என்பதால், அறை வாசலிலேயே மகளைச் சோதிப்பாள். கம்மல், கொலுசு, ஹேர்பின் எதுவும் தப்பாது. காபி கொண்டுவந்த கணவர் ஜெயபாண்டியின் வாட்சைக்கூட ஒருமுறை கழற்ற வைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து நிஜத் தேர்வு. கேட்டில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. மகளின் சட்டைக் கைக்குள் தாயத்து! காலையில் கட்டிவிட்டவளே கனகலட்சுமிதான்.

"அண்ணே, அது சாமிண்ணே! இரும்பா அது?" என்று காவலரிடம் சண்டைக்குப் போனாள். அவர் அசையவில்லை. மகள் தாயத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

கனகலட்சுமி அதைத் தன் கையில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அவளுக்கென்ன, பரீட்சைதான எழுதப் போறா. இங்கன நடுங்கிக்கிட்டு நிக்கிறது நான்தான!"